குறுக்கெழுத்தில் இருபொருள் குறிப்புகளை விடுவிக்கும் முறை

குறிப்பின் மேலோட்டமான பொருளுக்குள் விடையை மறைத்துவைக்கும் கிரிப்டிக் குறுக்கெழுத்தில் வரும் பல வகைக் குறிப்புகளுள் இருபொருள் குறிப்பு பெரும்பாலும் மிகச் சிறியது. ஒரே விடைக்குரிய இரண்டு வெவ்வேறு பொருள்களை அடுத்தடுத்து வைத்து, அவை சேர்ந்து வேறு ஏதோ சொல்வதுபோல் தோன்றச் செய்வதே அதன் அமைப்பு. எழுத்துகளைக் கலைக்கவோ வெட்டவோ சொல்லும் சொல் எதுவுமின்றி இரண்டு மூன்று சொற்களே இருந்தால், முதலில் இந்த வகையைத்தான் ஐயுற வேண்டும்.

'ஆண்மான் ஓவியம் போன்றது (2)' என்ற குறிப்பைப் படித்தவுடன் (அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை) சித்திரம் போல அழகாக நிற்கும் ஒரு மான் மனத்தில் எழுகிறது. அந்தக் காட்சியைக் கலைத்துவிட்டு, முதற் சொல்லுக்குப் பின் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஆண்மானுக்கு ஒரு பெயர் 'கலை'. ஓவியம், சிற்பம் போன்றதும் கலையே.

கோட்டை எங்கே போடுவது என்பதுதான் வேலையின் பெரும்பகுதி. சொற்களுக்கு இடையிலுள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் முயன்று பார்க்க வேண்டும். அப்படிப் பிரிக்கும்போது புணர்ச்சியால் வந்த ஒற்றை நீக்கி, தொகையில் மறைந்த மகர ஒற்றைத் திரும்பச் சேர்த்துப் படிப்பது அவசியம். 'நட்சத்திர அணி (2)' என்பது கிரிக்கெட்டை நினைவூட்டினாலும், 'நட்சத்திரம்', 'அணி' என்று பிரித்து, 'அணி' என்பதை ஏவலாகக் கொண்டால் விடை 'உடு' என்று புலப்படும். விண்மீனுக்கும் அதுவே பெயர், அணிந்துகொள் என்பதற்கும் அதுவே சொல்.

இந்த ஏவல்தான் தமிழில் புதிர் அமைப்பவருக்கு வற்றாத சுரங்கம். நம் வினைப்பகுதி விகுதி ஏதுமின்றித் தனித்து நின்றே கட்டளையாகிவிடுவதால் படி, கல், தை, மதி, நகை, ஓடு, இசை, ஆறு முதலிய எத்தனையோ சொற்கள் ஒரே வடிவில் பெயராகவும் வினையாகவும் நிற்கின்றன. ஆகவே குறிப்பின் ஒரு பாதி ஏவலாகவும் மறுபாதி பெயராகவும் தோன்றினால், பொருளைத் தேடுவதற்கு முன்பே இத்தகைய பகுதிகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது நல்ல குறுக்குவழி.

சில குறிப்புகளில் ஒரு பொருள் அன்றாட வழக்கிலும் மற்றொன்று பழைய இலக்கியத்திலும் இருக்கும். 'சிவபெருமானின் வாகனம் புதிருக்குத் தேவை (2)' என்றால் 'நந்தி' என்று எழுதத்தான் கை நீளும். ஆனால் மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டாதலால் அது மூன்று கட்டம் கேட்கும். தேவாரம் ஓதியவர்களுக்கு, எருதில் ஏறும் சிவனைக் குறிக்கும் 'விடையேறி' என்ற தொடர் உடனே உதவும்: எருதுக்கும் பெயர் 'விடை', புதிருக்குத் தேவையானதும் விடையே. அத்தகைய பழம்பொருள்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டலாம். செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகளும் பயன்படும்: திவாகரத்தின் 11ஆம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களையே தொகுத்துத் தருகிறது. சூடாமணி நிகண்டின் அதே தொகுதி எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருப்பதால், குறுக்கே வரும் சொல்லிலிருந்து இரண்டாம் எழுத்து மட்டும் கிடைத்தவருக்கு அது எதிர்பாராத உதவி. (நிகண்டைப் பார்ப்பது ஏமாற்று என்று கருதுவோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை.)

'நெசவாளிக்கும் வாசகருக்கும் வேண்டியது (2)' என்பதுபோல இரு பொருளையும் ஒரே வாக்கியத்தில் பிணைப்பதும் உண்டு. 'உம்' இருமுறை வருவது அங்கே அடையாளம், விடை 'நூல்'.

விடையைக் கட்டத்தில் எழுதுமுன் இரு பாதிகளையும் தனித்தனியே சோதித்து, எந்தச் சொல்லும் வேலையின்றி எஞ்சவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். 'ஆமை முதுகில் விரைந்து செல் (2)' என்பதற்கு 'ஓடு' என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆயினும் 'ஆமை முதுகில்' என்பது ஓட்டின் இடத்தைச் சொல்கிறதே தவிர ஓட்டைச் சொல்லவில்லை. புதிர் அமைப்பவர் இவ்வளவு தளர்வை அனுமதிப்பவரா என்பது அவருடைய புதிர்கள் சிலவற்றை விடுவித்த பிறகே தெரியும். அதுவரை அத்தகைய விடையைப் பென்சிலால் எழுதி வைப்பதே சரி.