வேலூரில் டிஆர்எம் வானொலி: சிக்னல் பட்டையை நம்பாதீர்கள்

சென்னை நிலையத்தின் மீடியம் வேவ் டிஜிட்டல் ஒலிபரப்பு (டிஆர்எம்) வேலூரில் எடுக்கவில்லை என்றால் உடனே "மலை மறைக்குது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். 720 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 416 மீட்டர். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளை அது வளைந்து கடந்துவிடும். அலையை அதிகம் உறிஞ்சுவது வழிநெடுக உள்ள காய்ந்த பாறை நிலம். நூறு கிலோமீட்டருக்கு மேல் தரையோடு வரும் சிக்னல் இங்கே மெலிந்துதான் சேர்கிறது. மிச்சத்தை அமுக்குவது பெரும்பாலும் நம் வீட்டு மின்சாதனங்கள் கிளப்பும் ரேடியோ இரைச்சல்.

பழைய ஏஎம்மில் இரைச்சல் ஏறினால் கரகரப்போடாவது செய்தி கேட்கும். டிஆர்எம் ஓர் எல்லை வரை சுத்தமாக ஒலித்து, அதற்குக் கீழே இறங்கியதும் சட்டென்று மௌனமாகிவிடும். அதனால் ரேடியோவின் சிக்னல் பட்டையைப் பார்த்துத் திருப்தி அடைவதுதான் முதல் தவறு. பட்டை இரைச்சலையும் சேர்த்தே அளக்கிறது. பார்க்க வேண்டியது எஸ்என்ஆர் எண், அதாவது இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற அளவு. 64-க்யூஏஎம் என்ற, தரவை நெருக்கமாக அடைக்கும் முறையிலான ஒலிபரப்புக்கு அது சுமார் 15 டெசிபலுக்கு மேல் நிற்க வேண்டும்.

இரைச்சல் வீட்டிலிருந்துதான் வருகிறதா என்று அறிய மெயின் சுவிட்சை அணைத்துப் பார்ப்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் மெயின் போனதும் இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கிவிடும். இரைச்சலில் அதுவே முதல் குற்றவாளியாக இருக்கலாம். இன்வெர்ட்டரையும் அணையுங்கள். ரேடியோவை அதன் உள் பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜர் வேண்டாம், பவர் பேங்க்கும் வேண்டாம், அதற்குள்ளும் இரைச்சல் எழுப்பும் மின்மாற்றுச் சுற்று இருக்கிறது. எஸ்என்ஆர் ஏறினால், எம்சிபிக்களை (ஒவ்வொரு மின்கோட்டுக்குமான சுவிட்சுகளை) அணைத்துவிட்டு மெயினைப் போட்டு, பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மலிவு எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு, சோலார் இன்வெர்ட்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சிக்கும்.

சிக்கியதும் பலர் ஒயரில் ஒரு ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள பீங்கான்) கிளிப்பை மாட்டிவிட்டு, பயனில்லை என்கிறார்கள். மீடியம் வேவில் ஒற்றைச் சுற்று ஏறக்குறைய எதுவும் செய்யாது. தடுப்புத்திறன் சுற்று எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும்: 8 சுற்றுப் போட்டால் 64 மடங்கு. பெரிய ஃபெரைட் வளையம் வாங்கி, 31 அல்லது 77 ரகமா என்று கேட்டு, ஒயரை 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள்.

அடுத்தது ரேடியோவை வைக்கும் விதம். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் பக்கவாட்டிலிருந்து வரும் அலைதான் நன்றாக விழும். முனை நிலையத்தைப் பார்த்தால் சிக்னல் மறைந்துவிடும். சென்னை நமக்குக் கிழக்கே இருப்பதால் கம்பி வடக்கு தெற்காகப் படுத்திருக்க வேண்டும். கான்கிரீட் கம்பிகள் சூழ்ந்த நடு அறையை விட்டுக் கிழக்கு ஜன்னலுக்கோ மொட்டை மாடிக்கோ போங்கள். திருப்பியபின் 10 விநாடியாவது பொறுங்கள். டிஆர்எம் தரவு இடைவிட்டுக் கலந்து வருவதால், பூட்டிக்கொள்ள நேரம் எடுக்கும். அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தால் நல்ல கோணத்தையும் தாண்டிவிடுவோம்.

வளைய ஆன்டெனா செய்பவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. கூர்மையாக ட்யூன் ஆகும் வளையம் ஏஎம்முக்கு வரம். டிஆர்எம்முக்கு அளவு மீறினால் கேடு. ட்யூனின் கூர்மையைச் சொல்லும் க்யூ எண் 100 என்றால் 720 கிலோஹெர்ட்ஸில் அதன் அகலம் 7.2 கிலோஹெர்ட்ஸ்தான். டிஆர்எம் சிக்னலோ சுமார் 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் அகலம்; இரு ஓரமும் மெலிந்துபோகும். வளையத்துக்கு இணையாக 47 கிலோ ஓம் போன்ற ஒரு ரெசிஸ்டரை வைத்து, எஸ்என்ஆரைப் பார்த்தபடி மதிப்பைக் குறைத்து வாருங்கள். அனலாக்கும் டிஜிட்டலும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், டிஜிட்டல் பகுதியின் நடுவில் ட்யூன் செய்யுங்கள். வளையத்தின் பெரிய பலன் அதன் ஊமைத் திசை (சிக்னல் விழாத திசை): நிலையம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, அந்தத் திசையை இரைச்சல் தரும் சாதனத்தின் பக்கம் திருப்புங்கள்.

இரவு எட்டு மணிக்குச் சோதித்துவிட்டு ரேடியோ சரியில்லை என்று சொல்வது அநியாயம். இருட்டியதும் வானில் பட்டுத் திரும்பும் வானலையும் தரையோடு வரும் தரையலையும் மோதி சிக்னல் ஏறி இறங்கும், தொலைதூர நிலையங்களும் மேலே ஏறும். நடுப்பகலில் எடுத்த எஸ்என்ஆர் எண்தான் உங்கள் இடத்தின் உண்மை நிலை.

கணினியில் டிஆர்எம்மை ஒலியாக்கும் ட்ரீம் மென்பொருளால் கேட்பவர்கள் ரிசீவரின் வடிகட்டியை 10 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையாமல் திறந்து, இரைச்சல் நீக்கி, நாட்ச், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். காதுக்காகச் செய்த அந்த வசதிகள் டிஜிட்டல் சிக்னலின் துணை அலைகளைச் சிதைத்துவிடும்.