எக்செல் தாளை மூலத் தரவுடன் ஒத்துப்போக வைத்தல்

பில்லிங் மென்பொருளில் உள்ள தொகையும் எக்செல் தாளில் உள்ள தொகையும் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் காப்பி பேஸ்ட்தான் காரணம் என்பதால், முதலில் தரவை ஒட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு இணைப்பின் வழியாகக் கொண்டுவர வேண்டும். இதற்கான பவர் குவெரி என்ற கருவி, எக்செல் 2016 முதல் மென்பொருளுடனேயே வருகிறது. மேலே உள்ள ‘டேட்டா’ என்ற டேப்பில் ‘கெட் டேட்டா’வைத் திறந்து, சிஎஸ்வி கோப்பு, எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளம் என உங்கள் மூலத்தைத் தேர்ந்தெடுத்து லோட் செய்தால் தரவு ஒரு டேபிளாகத் தாளில் இறங்கும். அதன்பின் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் (ரெஃப்ரெஷ் ஆல்) மூலம் மீண்டும் படிக்கப்படும்.

இந்த இணைப்பு ஒருவழியானது என்பதை மறக்கக் கூடாது. டேபிளுக்குள் ஒரு தொகையைத் திருத்தினால் அது தரவுத்தளத்துக்குப் போகாது. அடுத்த ரெஃப்ரெஷில் பழைய தொகையே வந்து உட்கார்ந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். டேபிளின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக் கையால் தட்டச்சு செய்வதுதான் உண்மையான ஆபத்து. 1042ஆம் பில்லுக்கு எதிரே ‘காசோலை திரும்பியது’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். மூலத்தில் இடையே ஒரு பில் சேர்ந்தோ வரிசை மாறியோ வந்தால், பில்கள் நகரும், குறிப்பு அதே இடத்தில் நிற்கும். ஒழுங்காகப் பணம் கட்டிய வாடிக்கையாளரின் பெயருக்கு எதிரே அது போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஆகவே குறிப்புகளைத் தனித் தாளில், பில் எண், குறிப்பு என இரண்டே நெடுவரிசைகளில் வைத்துக்கொண்டு, இணைப்பு டேபிளில் எக்ஸ்லுக்அப் அல்லது விலுக்அப் வாய்ப்பாட்டால் பில் எண்ணைக் கொண்டு அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் தன் எண்ணைத் தானே தேடிக்கொள்வதால் வரிசை எப்படி மாறினாலும் குறிப்பு பிசகாது. இரு பக்கமும் பில் எண்ணின் வகை (எண் அல்லது டெக்ஸ்ட்) ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சிஎஸ்வியைப் படிக்கும்போது பவர் குவெரி தானாகவே ‘சேஞ்ச்ட் டைப்’ என்ற படியைச் சேர்த்து 01042ஐ 1042 ஆக்கிவிடும். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக மாற்றும்போது கேட்கப்படும் கேள்விக்கு ‘ரீப்ளேஸ் கரன்ட்’ என்றே பதில் தர வேண்டும். புதிய படியாகச் சேர்த்தால், முந்தைய படியிலேயே உதிர்ந்த பூஜ்யம் திரும்பாது. 03/04/2025 போன்ற தேதிகளுக்கும் ‘யூசிங் லோகேல்’ வழியாக, நாள் முதலில் வரும் இந்திய முறையைச் சொல்லிவிடுவது நல்லது.

தரவைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் பைவட் டேபிள் வைத்திருப்போர் ரெஃப்ரெஷ் ஆல் கொடுத்த பிறகும் பழைய கூட்டுத்தொகையையே காண்பதுண்டு. மூலத்தைப் படித்துவரும் குவெரி பின்னணியில் ஓடி முடிவதற்குள் பைவட் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதே இதற்குக் காரணம். குவெரியின் ப்ராப்பர்ட்டீஸில் ‘எனேபிள் பேக்ரவுண்ட் ரெஃப்ரெஷ்’ குறியை எடுத்துவிட்டால் இரண்டாம் முறை அழுத்த வேண்டியிராது. கோப்பைத் திறக்கும்போதே புதுப்பிக்கும் வசதியும் அங்கேயே உள்ளது. குறிப்பிட்ட நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வசதியை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். கோப்பு திறந்திருக்கும்வரைதான் அது வேலை செய்யும்.

மூலத்தில் யாரேனும் நெடுவரிசையின் பெயரை மாற்றினால் குவெரி பிழையுடன் நின்றுவிடும், தாளிலோ பழைய தரவே இருக்கும். இதைக் கண்டுகொள்ள, தற்போதைய நேரத்தைத் தரும் டேட்டைம் லோக்கல்நௌ ஃபங்ஷனைக் கொண்டு அதே குவெரிக்குள் ‘படித்த நேரம்’ என்ற கஸ்டம் நெடுவரிசையைச் சேர்க்கலாம். தனிக் குவெரியாக அமைத்தால், தரவு வராத நாளிலும் நேரம் மட்டும் புதிதாகத் தெரிந்து ஏமாற்றிவிடும்.