வண்டி ஏறிவிடும், இறங்குவதுதான் சிக்கல்

மலைப்பாதை என்றாலே நமக்கு ஏற்றத்தைப் பற்றித்தான் கவலை. வண்டி இழுக்குமா, பாதியில் நின்றுவிடுமா என்று கிளம்பும் முன்பே பேச்சு தொடங்கிவிடும். இழுக்காத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். வம்பெல்லாம் இறக்கத்தில். விடுமுறை முடிந்த அலுப்பும் மறுநாள் வேலைக்குப் போகும் அவசரமுமாக இறங்குகிறோமே, அப்போதுதான்.

பெரிய தவறு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறங்குவது. 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றலைக் கொண்டு, 30 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அந்தச் சூடு முழுவதையும் பிரேக்கே வாங்கிக்கொண்டால்? முதலில் கருகல் வாடை வரும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் சேர்ந்துவிடும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலைக்குப் போகும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறவர்கள்கூட இந்த ஆயிலை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசிப்பதில்லை.

ஏறிய கியரிலேயே இறங்கு, வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும் என்பது பழைய பாடம். இப்போதைய எஞ்சின்கள் மூன்றாவது கியரிலேயே சுலபமாக ஏறிவிடுவதால், இறங்கும்போது இன்னும் ஒன்று குறைப்பது நல்லது. சரிவு தொடங்கும் முன்பே குறைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை ‘டி’யிலேயே விட்டுவிடாமல் குறைந்த கியரான ‘எல்’லுக்கோ மேனுவலுக்கோ மாற்றுங்கள். மின்சாரக் காரில் வேறொரு கோளாறு உண்டு. மேலே விடுதியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், இறக்கத்தில் வேகத்தைக் குறைத்தபடியே மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தைச் சேமிக்க பேட்டரியில் இடமிருக்காது. காலை எடுத்ததும் வேகம் குறையும் அந்த வசதி வெகுவாகக் குறைந்துபோகும்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிற கணக்கும் தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் பெரும்பாலும் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா ஓடிக் குடிக்கும். சாவியைத் திருப்பி எஞ்சினையே அணைத்துவிடுகிற மகானுபாவர்களும் இருக்கிறார்கள். ஸ்டியரிங் கல்லாகிவிடும், நாலைந்து மிதியில் பிரேக் பெடலும் இறுகி, அழுத்தவே வராது.

கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்ப முழு அகலமும் வேண்டும். அது தெரியாமல் மூக்கை நுழைத்தால் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். முன்கூட்டியே நின்று, ஏறிவரும் வண்டிக்கு வழி விடுங்கள். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் கண்ணுக்கு முன் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வளைவில் நிறுத்திப் படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒருமுறை சாலையோரத்தில் ஒரு காரின் முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து பிரேக் தட்டின் மேல் ஊற்றினார். ‘சுர்ர்’ என்று ஆவி எழுந்தது. திடீரென்று குளிர்ந்தால் தட்டு கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடும். பத்திரமான சமதளமாகப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்து அரைமணி நேரம் விட்டிருந்தால் தானாகவே ஆறியிருக்கும்.