அடிதடியில் காயம்பட்டவர் புகார் கொடுக்கும் முறை

அடிபட்டவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. காவல் நிலையம் அதற்குப் பிறகுதான். உடலுக்காக மட்டுமல்ல, வழக்குக்காகவும் இந்த வரிசை முக்கியம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, உயிர் போகாத அடிதடிகளைப் பெரும்பாலும் காயத்தின் தன்மையையும் தாக்கப் பயன்பட்ட பொருளையும் வைத்தே தரம் பிரிக்கிறது. இவ்விரண்டும் முதலில் பதிவாவது அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் விபத்துப் பதிவேட்டில்தான்.

அங்கே மருத்துவர் எப்போது, எங்கே, எத்தனை பேர், எதனால் தாக்கினார்கள், அவர்கள் தெரிந்தவர்களா தெரியாதவர்களா என்று கேட்டு எழுதுவார். வலியில் "யாரோ நாலு பேர் அடிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் புகாரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரின் பெயரை எழுதினால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். எனவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கட்டையால் அடித்ததை அரிவாள் என்று கூட்டிச் சொல்ல வேண்டாம், ஏனெனில் காயத்தின் விளிம்பே அதைப் பொய்யாக்கிவிடும்.

வீக்கம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள். பிரிவு 115(2)-இன்படி சாதாரணக் காயத்துக்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்போ பல்லோ உடைந்தாலும் இடம் பெயர்ந்தாலும் அது பிரிவு 116 கூறும் எட்டு வகைக் கொடுங்காயங்களுள் ஒன்றாகிவிடும். அத்தகைய காயம் ஏற்படும் என்று எண்ணியோ அறிந்தோ அடித்தார் என்பதும் நிரூபணமானால், பிரிவு 117(2)-இன்படி தண்டனை ஏழாண்டு வரை போகும். பதினைந்து நாள் கடும் வலியில் இருப்பதும், அத்தனை நாள் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போவதும் கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இது இருபது நாள். ஆனால் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களை எண்ணிக் காட்டினால் மட்டும் போதாது, வலியும் இயலாமையும் மருத்துவக் குறிப்புகளில் தெரிய வேண்டும்.

ஆபத்தான ஆயுதம் என்றால் கத்தியும் துப்பாக்கியும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிவு 118 நெருப்பையும், சூடான பொருளையும், விலங்கையும் சேர்த்தே சொல்கிறது; டீக்கடையில் கொதிநீரை எடுத்து ஊற்றியவரும், நாயை ஏவிவிட்டவரும் இதற்குள் வருவார்கள்.

புகார் மனுவில் அடைமொழிகளைக் குறைத்து, நாள், நேரம், இடம், யார் எதனால் உடலின் எந்தப் பகுதியில் அடித்தார், யார் பார்த்தார்கள், எங்கே சிகிச்சை பெற்றீர்கள் என்பவற்றை நடந்த வரிசையில் எழுதுங்கள். உங்களைப் போகவிடாமல் வழிமறித்திருந்தால் அதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். சாதாரணக் காயம் மட்டும் என்றால், நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிப் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. வழிமறித்தல் சிறிய குற்றமே ஆனாலும் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியது, அப்படிப்பட்ட குற்றம் ஒன்று சேர்ந்தால் முழு வழக்கையும் போலீஸ் விசாரிக்கலாம். இதனாலேயே வழிமறிக்காதவர் மீதும் அந்தப் பிரிவைச் சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த யோசனையைக் கேட்காதீர்கள். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம்.

மனுவைப் பெற்றுக்கொண்டு தரும் சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) ஆகாது. பலர் அதை வாங்கிய நிம்மதியில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியுடன் பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணை செய்யப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இடம் தருகிறது. சம்பவம் வேறு காவல் நிலைய எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது. மின்னஞ்சலில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

பதிய மறுத்தால், புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அங்கும் அசைவில்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 175(3)-இன்கீழ், பிரமாணப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். இதில் காலத்தைக் கடத்த வேண்டாம்: ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சாதாரணக் காய வழக்கை, தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லாவிட்டால், சம்பவம் நடந்து ஓராண்டு கடந்தபின் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காது.