யாழ்ப்பாணத்துக் காத்தில என்ன கலந்திருக்கு எண்டு சற்றலைட் டேற்றாவில பாக்கிறது எப்பிடி

மார்கழி தையில வானம் புகைமூட்டமாக் கிடந்தா ஒராள் பஸ் புகை எண்டுவார், மற்றாள் இல்லை இது வாடைக்காத்தோட இந்தியாப் பக்கத்தில இருந்து வாறது எண்டுவார், ரெண்டு பேரிட்டயும் கணக்கு இருக்காது. ஆனா கணக்கு இலவசமாக் கிடக்கு, எங்கட பிள்ளையள் மூச்சு விடுற காத்து இது, எடுத்துப் பாக்கத்தான் வேணும்.

2017இல ஏவின செண்டினல் 5பி எண்ட ஐரோப்பியச் சற்றலைட் நைதரசனீரொட்சைட்டை (NO2) அளக்குது, வாகனமும் ஜெனரேற்றரும் எரிச்சு விடுற வாயு அது. பகல் வெயிலில சில மணித்தியாலத்தில அழிஞ்சுபோகும், அதால தூரத்தில இருந்து பெரிசா வராது, கூடக் காட்டினா பக்கத்திலதான் எரிஞ்சிருக்கு.

சற்றலைட் டேற்றாவை இணையத்திலயே வைச்சு அலசுற கூகுள் ஏர்த் எஞ்சின் எண்ட தளத்தில பதிஞ்சுகொள்ளுங்கோ, படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் காசில்லை. செண்டினல் 5பி எண்டு தேடினா டேற்றா பக்கத்திலயே மாதிரிக் கோட் (கணினி நிரல்) இருக்கும், அதில NO2க்கு ஓஃப்லைன் (உடனடியா இல்லாமல் பிறகு ஆறுதலாக் கணக்குப் போட்ட பதிப்பு) எண்டிருக்கிறதை எடுங்கோ, 2018 நடுவில இருந்து கிடைக்கும். ட்ரொப்போஸ்பியர் (நிலத்தோட ஒட்டின கீழ் வளிமண்டலம்) எண்டு வாற பாண்டைத்தான் (டேற்றாவில ஒரு அளவுக்கு உரிய அடுக்கு) எடுக்கோணும், மொத்தக் கொலமை (நிலத்தில இருந்து உச்சி வரைக்கும் உள்ள முழு அளவு) எடுத்தா மேல் வளிமண்டலத்தில இருக்கிறதும் சேந்துவிடும். இலக்கம் 0.00003 மாதிரிச் சின்னனா வரும், பத்து லட்சத்தால பெருக்கினா வாசிக்கச் சுகம்.

இனித்தான் கனபேர் பிழை விடுற இடம். படத்தில கட்டங்கள் ஒரு கிலோமீற்றர் மாதிரித் தெரியும், ஆனா சற்றலைட் உண்மையா அளக்கிறது 5.5க்கு 3.5 கிலோமீற்றர், எங்கட மாநகரசபை எல்லை முழுக்கவே கிட்டத்தட்ட 20 சதுர கிலோமீற்றர்தானே, அப்ப பஸ் ஸ்ராண்டையும் நல்லூரையும் பிரிச்சுப் பாக்க ஏலாது, குருநகர்க் கரையில இருந்து கோண்டாவில் வரைக்கும் ஒரே பெட்டியாக் கீறுங்கோ. நெடுந்தீவுக்கு மேலயும் அதே அளவில இன்னொரு பெட்டி கீறி, மாதச் சராசரியில டவுணில இருந்து அதைக் கழிச்சுப் பாருங்கோ. அங்க வாகனம் குறைவு, அதால கழிச்சு மிஞ்சிறதுதான் டவுண் தானாச் சேர்க்கிறது எண்டு சொல்லலாம், என்னைக் கேட்டா முழுக் கிராஃபிலயும் பெறுமதியானது இந்த ஒரு கோடுதான்.

ஒருநாள் படத்தை வைச்சு ஒண்டும் சொல்லாதேங்கோ. மாதச் சராசரி எடுத்து, இந்த வருசத் தையை முந்தின தைகளோட மட்டும் ஒப்பிடுங்கோ, சோளகம் அடிக்கிற ஆடியோட வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில முகில், கன நாளுக்கு அளவே இராது, நாலைஞ்சு நாள்தான் தேறுதெண்டா அந்த மாதத்தை விடுங்கோ. சற்றலைட் போறது மத்தியானம் ஒண்டரை மணி அளவில, காலமைப் பள்ளிக்கூட நெரிசலும் பின்னேரம் குப்பை எரிக்கிற புகையும் அதின்ர கண்ணில படாது. கோடு திடீரெண்டு படி ஏறினா முதல்ல ப்ராசஸர் வேர்ஷன் (அளவைக் கணக்குப் போடுற மென்பொருளின்ர பதிப்பு) மாறினதோ எண்டு பாருங்கோ.

கிராஃப் வந்த உடன 2020 மார்ச் ஊரடங்கையும், 2022 ஜூன் கடைசியில பெற்றோல் இல்லாமல் வாகனம் நிண்ட கிழமையளையும் தேடுங்கோ. அங்க இறங்கேல்லை எண்டா பெட்டியோ கழிக்கிறதோ எங்கயோ பிழைச்சிருக்கும்.

வாடைக் கேள்விக்கு இன்னொரு டேற்றாவும் வேணும், நாசா சற்றலைட்டுகளில இருக்கிற மோடிஸ் எண்ட கருவியின்ர ஏரோசோல் (காத்தில மிதக்கிற நுண்தூசு) அளவு, ஒரு கிலோமீற்றர் கட்டத்தில 2000இல இருந்து கிடைக்கு. நுண்தூசு நாள்கணக்காக் காத்தில மிதக்கும், கடல் தாண்டியும் வரும். காத்து மோசமெண்டு பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்ட 2022 டிசம்பரை எடுத்து வாயுவின்ர கோடு, தூசின்ர கோடு ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வையுங்கோ: தூசு ஏறி வாயு ஏறேல்லை எண்டா பெரும்பாலும் வெளியில இருந்து வந்தது, ரெண்டும் சேந்து ஏறினா எங்கட றோட்டிலயும் தேடோணும்.