சிக்னல் ஜெனரேட்டரில் சொந்த அலைவடிவம் ஏற்றுவது எப்படி?

சைன், ஸ்கொயர் எல்லாம் பொத்தானை அழுத்தினாலே வந்துவிடும். ஆனால் இப்படி ஒரு அலை வேண்டும் என்று வையுங்கள்: 5 வோல்ட் சப்ளை 1 மில்லிநொடிக்கு ஒருமுறை, 1 மைக்ரோநொடி மட்டும் 3.5 வோல்ட்டுக்குச் சரிகிறது. வோல்டேஜ் மானிட்டர் சிப் அதைக் கவனிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்குத்தான் ஆர்பிட்ரரி மோடு, அதாவது நாமே வரைந்த வடிவத்தை வெளியிடும் முறை. (போர்டு முழுவதற்கும் இதிலிருந்து கரண்ட் எடுக்க நினைக்காதீர்கள். வெளியீட்டில் தொடராக 50 ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கிறது.)

மெமரியில் இருப்பது வெறும் எண் வரிசை. கிளாக் துடிக்கத் துடிக்க எண்கள் டாக்குக்கு (DAC, எண்ணை வோல்டேஜாக மாற்றும் சிப்) போய் வோல்டேஜ் ஆகின்றன. ஃபில்டர் படிகளை மழுப்புகிறது. ஆம்ப்ளிஃபையர் உயரத்தையும் ஆஃப்செட்டையும் (அலை முழுவதையும் மேலோ கீழோ நகர்த்தும் வோல்டேஜ்) சேர்க்கிறது. கீழே உள்ள கணக்கெல்லாம் 16384 புள்ளி, 14 பிட், நொடிக்கு 12.5 கோடி சாம்பிள் கொண்ட கருவிக்கு.

படி 1: புள்ளிகள். 1 மில்லிநொடியை 16384-ஆல் வகுத்தால் புள்ளிக்கு 61 நானோநொடி. ஆக, சரிவுக்கு 16 புள்ளி. பைத்தானில் எழுதுங்கள், கருவியின் திரையில் குமிழைத் திருகி வரைவது வீண்வேலை. சைன் போன்ற வடிவம் என்றால் 16384-ஆல் வகுக்க வேண்டும், 16383-ஆல் அல்ல. பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் உள்ள லின்ஸ்பேஸ் (linspace) கடைசிப் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளும் என்பதால், முதல் மதிப்பே முடிவிலும் வந்து சுற்றுக்கொரு தட்டையான இடம் விழும்.

படி 2: முழு வீச்சு. 5 வோல்ட்டை +1, 3.5 வோல்ட்டை −1 என்று வையுங்கள். கருவியில் 1.5 வோல்ட் பீக்-டு-பீக் (உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம்), ஆஃப்செட் 4.25 வோல்ட். 0 முதல் 5 வரை முழுவதையும் மெமரியில் வைத்தால், இருக்கும் 16384 நிலைகளில் 30 சதவீதம்தான் பயன்படும்.

படி 3: ஏற்றுவது. சி.எஸ்.வி. கோப்பு (எண்களைச் சாதாரண எழுத்தாகவே வைக்கும் கோப்பு) பாதுகாப்பானது. பைனரியில் பைட் வரிசை மாறினால் திரை முழுக்க இரைச்சல்தான். தற்காலிக மெமரியில் ஏற்றியது பவரை அணைத்தால் போய்விடும்.

படி 4: லோடு அமைப்பு. சிப்பின் உள்ளீடு ஹை-இசட், அதாவது கரண்ட் ஏறக்குறைய எடுக்காது. அமைப்பு 50 ஓமில் இருந்தால், பாதி வோல்டேஜ் உள்ளே இருக்கும் 50 ஓமில் போய்விடும் என்று கருவி நினைத்துக்கொள்ளும்; திரை 5 வோல்ட் என்று சொல்லும், சிப்பின் காலில் 10 வோல்ட் இருக்கும். முதலில் ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) பார்த்துவிட்டு, பிறகு சிப்பில் மாட்டுங்கள்.

படி 5: அதிர்வெண். பலரும் சறுக்கும் இடம் இது. இந்த மாதிரி கருவிகளில் உள்ள டி.டி.எஸ். (DDS) முறையில் அதிர்வெண்ணை மாற்றினால் கிளாக் மாறாது. ஃபேஸ் அக்யுமுலேட்டர் (அலையில் இப்போது எங்கே இருக்கிறோம் என்று கூட்டிக்கொண்டே போகும் எண்ணி) ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு தாண்ட வேண்டும் என்பதே மாறும். அந்த எண்ணின் உயர் மதிப்புள்ள 14 பிட்தான் மெமரி முகவரி. 12.5 கோடியை 16384-ஆல் வகுத்தால் 7629 ஹெர்ட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு புள்ளியும் 7 அல்லது 8 முறை படிக்கப்படும், சிக்கலில்லை. 7629-க்கு மேலே போனால் புள்ளிகள் விடுபடத் தொடங்கும். 99.7 கிலோஹெர்ட்ஸில் தாவல் சுமார் 13 புள்ளி. சரிவு 5 புள்ளி அகலம்தான் என்றால் 100 சுற்றில் ஏறக்குறைய 38-இல் மட்டுமே தலைகாட்டும்.

ஸ்கோப்பை அந்தச் சரிவிலேயே டிரிகர் செய்தால் (அதைக் கண்டதும் படம் பிடிக்கச் சொன்னால்) இது தெரியவே தெரியாது. சரிவு வந்த சுற்றுகளை மட்டுமே ஸ்கோப் காட்டும். ஜெனரேட்டரின் சிங்க் வெளியீட்டில் (சுற்றுக்கு ஒருமுறை துடிப்பு தரும் தனி இணைப்பு) டிரிகர் செய்யுங்கள். சரிவை 14 புள்ளிக்குக் குறையாமல் வைத்தால் மறையாது, ஆனாலும் அகலம் 8, 16 நானோநொடிக்கு இடையே தள்ளாடும். துடிப்புக்கு ஒரு புள்ளி படிக்கும் மோடு இருந்தால் அதுவே மேல்: 1250 புள்ளி, முழு சாம்பிள் வேகம், சரியாக 100 கிலோஹெர்ட்ஸ்.

பின்குறிப்பு: சரிவின் விளிம்பில் அலை அலையாக நடுங்கினால் டாக்கைக் குறை சொல்லாதீர்கள். சைனுக்கு ஏற்ற செங்குத்தான ஃபில்டர் திடீர்த் தாவலுக்கு அப்படித்தான் நடுங்கும். மெனுவில் ஃபில்டரை மாற்ற வழி இருந்தால் பல்ஸுக்கு உரியதை எடுங்கள். இல்லையென்றால் +1-இலிருந்து −1-க்கு ஒரே தாவலாகப் போகாமல் 3, 4 புள்ளிகளில் சாய்வாக இறக்குங்கள்.