கருத்த முகங்களை அறைக்குள் அழகாகப் படமெடுக்க

வெள்ளைச் சுவருக்கு முன்னால் கருத்த நிறமுள்ளவரை நிறுத்திப் படமெடுத்தால் முகம் இருண்டுபோகும். அதற்குக் காரணம் நிறமல்ல, கேமராவின் கணக்கு. காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் அது, வெள்ளையைக் கண்டதும் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. போனில் முகத்தைத் தொட்டு, தேவையான அளவு வெளிச்சத்தை ஏற்றுங்கள். கேமராவென்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) +0.7 அல்லது +1 வையுங்கள். பின்னணி கருப்பென்றால் நேர்மாறு: முகம் சாம்பல் பூத்தாற்போல் வெளிறும், சற்றுக் குறைக்க வேண்டும்.

ஆனால் வெளிச்சத்தின் அளவைவிட அது வரும் திசைதான் முக்கியம். கருத்த சருமத்தின் அழகே அதில் படரும் மினுமினுப்புதான். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைத் திட்டுகள்தான் மிஞ்சும். ஜன்னலுக்குச் சுமார் 45 டிகிரி திரும்பி உட்காரச் சொல்லுங்கள். மெல்லிய திரை இருந்தால் இன்னும் நல்லது. கன்னமும் தாடையும் தாமாக வடிவம் பெறும். நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை அட்டை போதும். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம்.

பியூட்டி மோட்? தயவுசெய்து அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது கேட்காமலேயே முகத்தை வெளுத்துவிடும்.